குறைச்சது யார் வீட்ல, கணக்கு யார் பேர்ல?

ஃப்ளைட் டிக்கெட் புக் பண்ணும்போது, பணம் கட்டுற பக்கத்துக்குக் கொஞ்சம் முன்னாடி, சில இணையதளங்களில் ஒரு சின்னக் கட்டம் வரும். உங்கள் பயணத்தின் கார்பனை ஈடுகட்ட இவ்வளவு ரூபாய் சேர்த்துக்கட்டும்மா என்று கேட்கும். டிக் பண்ணினால் மனசுக்கு ஒரு நிம்மதி. ஜாதகத்தில் தோஷம் இருக்குன்னா பரிகாரம் சொல்வாங்க இல்லையா, கிட்டத்தட்ட அந்த மாதிரி. ஒரே வித்தியாசம், இந்தப் பரிகாரத்தை நமக்காக வேற யாரோ, வேற எங்கேயோ செய்வாங்க.

இன்றைக்கு அந்தக் கட்டத்தோட வரலாறு. ஒரு குடும்பம் தன் கார்பனை எண்ணணும், முடிஞ்சதைக் குறைக்கணும், முடியாததுக்குக் காசு கொடுத்து ஈடு செய்யணும் என்ற யோசனை யாரிடமிருந்து வந்தது? அது நம்ம ஊர் வீட்டு பல்ப் வரைக்கும் எப்படி வந்தது? கேட்கும்போது ஒரு கேள்வியை மட்டும் கையில் வச்சுக்கோங்க. குறைச்சது யார் வீட்ல, கணக்கு எழுதினது யார் பேர்ல?

வீட்டில் எரிசக்தியை மிச்சம் பிடிக்கணும் என்ற பேச்சு பெரிசா கிளம்பினபோது அதில் கார்பன் என்ற சொல்லே கிடையாது. பேச்சு முழுக்க எண்ணெய். 1973 அக்டோபரில் அரபு நாடுகள் அமெரிக்காவுக்கும் இன்னும் சில நாடுகளுக்கும் எண்ணெய் அனுப்புவதை நிறுத்தின. சில மாதங்களில் கச்சா எண்ணெய் விலை ஏறக்குறைய நான்கு மடங்கு ஆச்சு. 1977 பிப்ரவரியில் அமெரிக்க அதிபர் ஜிம்மி கார்ட்டர் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு டிவியில் வந்து, வீட்டு ஹீட்டரைப் பகலில் 65 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கும் ராத்திரியில் 55-க்கும் குறைச்சு வையுங்க என்று மக்களைக் கேட்டுக்கொண்டார். நம்ம கணக்கில் 18 டிகிரி, 13 டிகிரி. 1979-ல் வெள்ளை மாளிகைக் கூரையில் தண்ணீர் சூடாக்க 32 சோலார் பேனல் வைத்தார். ரீகன் காலத்தில், 1986-ல், கூரை வேலைக்காக அதைக் கழற்றினார்கள். திரும்ப மாட்டவே இல்லை.

அதே காலத்தில் இந்தியாவில் என்ன நடந்தது என்பது உங்க பாட்டிக்குத் தெரிஞ்சிருக்கும். நூதன் ஸ்டவ் பற்றிக் கேட்டுப் பாருங்க. மண்ணெண்ணெய் குறைவாகக் குடிக்கிற திரி ஸ்டவ். இந்தியன் ஆயிலின் ஆராய்ச்சிப் பிரிவு 1977 வாக்கில் உருவாக்கியது. அந்த ஸ்டவ் வாங்கினவர்கள் பூமியைக் காப்பாற்ற வாங்கலை. ரேஷனில் கிடைக்கிற மண்ணெண்ணெய் மாசக் கடைசி வரை வரணும், அவ்வளவுதான். குறைச்சது அவங்க வீட்ல, லாபமும் அவங்க வீட்டுக்கே. இந்தக் கணக்கு ரொம்பச் சுத்தமானது. இனிமே வரப்போறது அப்படி இல்லை.

1988. அமெரிக்காவில் கடும் வறட்சி. ஜூன் மாதம் நாசா விஞ்ஞானி ஜேம்ஸ் ஹேன்சன் செனட் குழு முன்னால் உட்கார்ந்து, பூமி சூடாகிறது, அதற்கு மனிதன் விடும் வாயுக்கள் காரணம் என்று சொன்னார். பத்திரிகைகளின் முதல் பக்கத்தில் வந்தது. அப்போது ஏஇஎஸ் என்ற மின் நிறுவனம் கனெக்டிகட் மாநிலத்தில் 180 மெகாவாட் நிலக்கரி மின் நிலையம் ஒன்றை அமைத்துக்கொண்டிருந்தது. நிலக்கரி வேண்டும், கெட்ட பேர் வேண்டாம். என்ன செய்யலாம்? மின் நிலையம் தன் ஆயுள் முழுக்க விடப்போகிற கார்பனை உறிஞ்சுகிற அளவுக்கு எங்கேயாவது மரம் நட்டுவிட்டால்?

இடம் குவாத்தமாலா. அந்தத் திட்டத்துக்கு ஏஇஎஸ் 20 லட்சம் டாலர் கொடுத்தது. கேர் என்ற தொண்டு நிறுவனம் வேலையை நடத்த, சுமார் 40,000 சிறு விவசாயக் குடும்பங்கள் பத்து வருஷத்தில் 5 கோடிக்கும் மேல் மரம் நடுவதாகத் திட்டம். கார்பன் ஆஃப்செட் என்று இன்றைக்கு நாம சொல்கிற வியாபாரத்தின் முதல் உதாரணமாக இதைத்தான் பலரும் காட்டுகிறார்கள்.

இதில் யார் என்ன செய்தார்கள் என்று பிரிச்சுப் பாருங்க. கரியை எரித்தது அமெரிக்கா. குழி தோண்டினது, தண்ணி ஊத்தினது, மரம் இருக்கிற இடத்தில் சோளம் போடாம விட்டது குவாத்தமாலா விவசாயி. பிற்பாடு வந்த மதிப்பீடுகள், சொன்ன அளவு கார்பனைத் திட்டம் பிடிக்கலை என்றன. மின் நிலையம் மட்டும் ஓடியது. ‘ஊரான் வீட்டு நெய்யே’ன்னு ஒரு பழமொழி ஆரம்பிக்கும், மீதி உங்களுக்குத் தெரியும்.

சரி, இது ஒரு கம்பெனியோட கணக்கு. குடும்பம் எங்கே உள்ளே வந்தது? அதுக்கு கனடா போகணும். பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் வில்லியம் ரீஸ் என்ற பேராசிரியர் 1992-ல் ஒரு கட்டுரை எழுதினார். ஒரு நகரம் சாப்பிடுவதற்கும் எரிப்பதற்கும் குப்பை போடுவதற்கும் எவ்வளவு நிலம் தேவைப்படுகிறது என்று கணக்கிடும் முறை. அதற்கு அவர் வைத்த பேர் சூழல் காலடித்தடம். அவருடைய மாணவர் மத்தியாஸ் வாக்கர்நாகல் அதை வளர்த்தெடுத்தார். அவர்கள் கேட்டது ஒரு ஊரைப் பற்றி, ஒரு நாட்டைப் பற்றி. பணக்கார நகரங்கள் தங்கள் எல்லைக்கு வெளியே எவ்வளவு நிலத்தை விழுங்குகின்றன என்பது தான் கேள்வி.

அந்தக் காலடித்தடம் தனி மனுஷன் காலுக்கு மாறினது 2000-களில். மாற்றியதில் பெரிய பங்கு ஒரு எண்ணெய் கம்பெனிக்கு. பிபி, அதாவது பழைய பிரிட்டிஷ் பெட்ரோலியம், 2000-ல் பச்சையும் மஞ்சளுமா ஒரு சூரியகாந்தி மாதிரி லோகோ போட்டுக்கொண்டது. 2004-ல் உங்கள் வீட்டின் கார்பன் காலடித்தடம் எவ்வளவு என்று கணக்குப் போட ஒரு கால்குலேட்டரை இணையத்தில் வைத்தது. அடுத்த வருஷம் ஓகில்வி விளம்பர நிறுவனத்தோடு சேர்ந்து பெரிய விளம்பரம். தெருவில் போகிறவர்களை நிறுத்தி, உங்க கார்பன் காலடித்தடம் என்னன்னு கேட்பார்கள், அவர்கள் திருதிருன்னு முழிப்பார்கள். அந்தச் சொல் அதுக்கு முன்னாடியே அங்கங்கே இருந்தது உண்மைதான். ஆனால் சாப்பாட்டு மேஜை வரைக்கும் கொண்டுவந்து வைத்தது அந்த விளம்பரம்.

எண்ணெய் விற்கிறவன் வாங்குறவனைப் பார்த்து, நீ எவ்வளவு புகை விட்டேன்னு கேட்கிறான். இதைச் சாமர்த்தியம்னு சொல்றதா, கொழுப்புன்னு சொல்றதா, நீங்களே முடிவு பண்ணுங்க. 2010 ஏப்ரலில் மெக்சிகோ வளைகுடாவில் அதே பிபியின் கிணற்றில் விபத்து நடந்து, 11 பேர் இறந்து, ஏறக்குறைய மூன்று மாசம் கடலில் எண்ணெய் கொட்டியது. அதை எந்த வீட்டுக் கால்குலேட்டரில் போடுவது?

இதுக்காக வீட்டுக் கணக்கே வீண்னு தூக்கிப் போட்டுவிடவும் முடியாது. ஆனா அதுக்கு ஒரு எல்லை இருக்கு. அமெரிக்காவின் எம்ஐடியில் ஒரு பேராசிரியரும் மாணவர்களும் பல வகை மனிதர்களின் வாழ்க்கையை எடுத்து எரிசக்திக் கணக்குப் போட்டார்கள். 2008-ல் வெளியே வந்தது. ஒரு பௌத்தத் துறவி, ஒரு கோடீஸ்வரர், வீடில்லாமல் இலவச உணவுக்கூடத்தில் சாப்பிட்டுக் காப்பகத்தில் தூங்குகிற ஒருவர், இப்படி. அந்த வீடில்லாதவர் கணக்கே வருஷத்துக்கு 8.5 டன் கார்பன் டை ஆக்சைடு. எப்படி? ரோடு, ஆஸ்பத்திரி, ராணுவம், கோர்ட்டு எல்லாத்திலும் அவருக்கும் ஒரு பங்கு விழுகிறது. இன்றைக்கு இந்தியாவின் மொத்தத்தைத் தலைக்கு வகுத்தால் சுமார் 2 டன். எதுவுமே இல்லாத அமெரிக்கர், சராசரி இந்தியரைப் போல நாலு மடங்கு. மனுஷன் எவ்வளவு சிக்கனமா இருந்தாலும், அவர் நிற்கிற தரை எவ்வளவு புகையில் ஓடுதோ அது அவர் தலையில் ஏறும்.

இந்த நேரத்தில் ஈடுகட்டுகிற வியாபாரமும் கம்பெனிகளை விட்டு இறங்கி ரசிகர்களிடமும் குடும்பங்களிடமும் வந்துவிட்டது. கோல்ட்ப்ளே இசைக்குழுவை உங்களில் பலருக்குத் தெரியும். 2002-ல் அவர்களுடைய இரண்டாவது ஆல்பம் வந்தபோது, அதைத் தயாரித்ததில் வெளியான கார்பனை ஈடுகட்ட 10,000 மாமரம் நடப்படும் என்று அறிவித்தார்கள். ஃப்யூச்சர் ஃபாரஸ்ட்ஸ் என்ற பிரிட்டிஷ் நிறுவனத்தின் ஏற்பாடு. ரசிகர்களும் காசு கொடுத்து ஒரு மரத்தைத் தங்கள் பேரில் எழுதிக்கொள்ளலாம், சான்றிதழ் வரும். மரம் நடுகிற இடம் எதுன்னு நினைக்கிறீங்க? கர்நாடகா, குடிபண்டா பக்கம். மழை மறைவுப் பூமி. கோடையில் குடத்துத் தண்ணிக்கே கஷ்டம்.

2006-ல் லண்டன் டெலிகிராஃப் பத்திரிகை அங்கே ஆள் அனுப்பிப் பார்த்தது. கன்றுகளில் நிறைய காய்ந்து போயிருந்தன. கன்று வந்தது, ஊத்தத் தண்ணி வரலை, அதுக்கான செலவுக் காசும் வரலை என்பது விவசாயிகள் தரப்பு. இசைக்குழு ஏமாற்ற நினைச்சதுன்னு நான் சொல்ல மாட்டேன். மாமரம் வளர்க்கிறது என்ன வேலைன்னு லண்டனில் யாரும் கேட்கலை, அதுதான் விஷயம். முதல் மூணு நாலு வருஷம் கோடையில் தண்ணி, ஆடு மேயாமல் வேலி, இது ரெண்டும் இல்லாம நட்ட மாங்கன்று என்ன ஆகும்னு குடிபண்டாவில் யாரைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பார்கள். ஆல்பத்தோட புகை போனது போனதுதான், அது காத்துல இன்னும் இருக்கு.

இப்போ நம்ம வீட்டு பல்புக்கு வரலாம். இந்தக் கதையில் எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி இது, கொஞ்சம் நின்னு போவோம்.

1997 கியோட்டோ ஒப்பந்தத்தில் க்ளீன் டெவலப்மென்ட் மெக்கானிசம் என்று ஒன்று உண்டு. சுருக்கமா சிடிஎம். அதன்படி, வளரும் நாட்டில் ஒரு டன் கார்பனைக் குறைத்தால் ஒரு கிரெடிட் கிடைத்தது. அதைப் பணக்கார நாட்டில் இருக்கும் கம்பெனி வாங்கித் தன் கணக்கில் காட்டிக்கொள்ள முடிந்தது. 2009 பிப்ரவரியில் இந்தியாவின் எரிசக்தித் திறன் செயலகம் இதை வச்சு ஒரு புத்திசாலித்தனமான திட்டம் போட்டது. பேர் பசத் லேம்ப் யோஜனா. அப்போ நம்ம வீடுகளில் 60 வாட் குண்டு பல்ப். அதைக் கொண்டுவந்து கொடுத்து 15 ரூபாய் கட்டினா ஒரு சிஎஃப்எல் பல்ப். கடையில் அதன் விலை நூறு ரூபாய் பக்கம். மீதிக் காசு? கார்பன் கிரெடிட் விற்று வரும். பல்ப் கொடுத்த முதலீட்டாளர் அதிலிருந்து எடுத்துக்கொள்வார்.

கணக்கு எப்படின்னு பாருங்க. 60 வாட்டுக்குப் பதில் 14 வாட். 46 வாட் மிச்சம். ஒரு பல்ப் தினம் மூணரை மணி நேரம் எரியும் என்பது ஐநா விதியில் இருந்த கணக்கு. வருஷத்துக்கு 58, 59 யூனிட் வரும். அப்போதைய மின்சாரத்தில் ஒரு யூனிட்டுக்கு 0.8 கிலோ என்று வைத்தால் ஏறக்குறைய 47 கிலோ கார்பன் டை ஆக்சைடு. இருபத்தோரு பல்ப் சேர்ந்தால் ஒரு டன், ஒரு கிரெடிட். 2008-ல் அந்தக் கிரெடிட் 20 யூரோவைத் தொட்டது. அந்த விலையில் ஒரு பல்ப் வருஷத்துக்கு 60 ரூபாய் பக்கம் சம்பாதிக்கும். ரெண்டு வருஷத்தில் பல்ப் காசு வந்துவிடும். பழைய குண்டு பல்புகளைச் சேகரித்து எண்ணி உடைக்கணும் என்பதும் விதி. இல்லாட்டி அது இன்னொரு வீட்டில் போய் எரியும்.

மின் கட்டணம் குறைஞ்சது வீட்டுக்கு லாபம், மாலை நேரச் சுமை குறைஞ்சது மின் வாரியத்துக்கு லாபம். கார்பன் குறைஞ்ச புண்ணியம் மட்டும் ஐரோப்பாவில் கிரெடிட் வாங்கினவனுக்கு. அந்தக் குடும்பங்களிடம் யாராவது இதை விளக்கினார்களா? பதினஞ்சு ரூபாய்க்குப் பல்ப் என்றால் போய் வரிசையில் நிற்போம், பின்னாடி கையெழுத்துப் போட்ட தாளைப் படிப்போமா என்ன.

இலக்கு 40 கோடி பல்ப். கிடைத்தது சுமார் 2.9 கோடி. காரணம் வீடுகள் இல்லை. ஐரோப்பாவில் பொருளாதாரம் சரிந்தது, கிரெடிட் தேவைக்கு மேல் குவிந்தது, 2012 முடிவில் ஒரு கிரெடிட் ஒரு யூரோவுக்கும் கீழே போனது. அறுபது ரூபாய் சம்பாதித்த பல்ப் இப்போது மூணு ரூபாய் கூடத் தேறாது. பல்ப் கொடுக்க ஆள் இல்லை. பிராங்க்ஃபர்ட்டில் விலை விழுந்தால் இந்தியாவில் ஒரு வீட்டில் குண்டு பல்ப் தொடர்ந்து எரியும் என்ற நிலைமை.

அதுக்கப்புறம் நடந்தது தான் ஆச்சரியம். 2014-ல், நம்ம பக்கத்துப் புதுச்சேரியில், ஒரு வீட்டுக்கு மூன்று எல்இடி பல்ப், ஒன்று 10 ரூபாய்க்கு என்று ஒரு அரசு நிறுவனம் கொடுத்துப் பார்த்தது. பேர் இஇஎஸ்எல். அப்போது அவர்கள் பல்பை வாங்கின விலை 310 ரூபாய். 2015 ஜனவரியில் அதையே நாடு முழுக்க எடுத்துக்கொண்டு போனார்கள். உஜாலா திட்டம். கார்பன் கிரெடிட்டை நம்பலை. லட்சக்கணக்கில், பிறகு கோடிக்கணக்கில் ஒரே டெண்டர். 2016 முடிவதற்குள் கொள்முதல் விலை 38 ரூபாய்க்கு வந்துவிட்டது. சில மாநிலங்களில் பல்ப் காசைக் கரண்ட் பில்லோடு மாசம் பத்து ரூபாயா கட்ட முடிந்தது. இதுவரை 36 கோடிக்கும் மேல் பல்ப் கொடுத்தாச்சு. கிரெடிட் விற்றுக் கொடுக்க முடியாத எண்ணிக்கையை, மொத்தக் கொள்முதல் என்ற, மளிகைக் கடைக்காரருக்குத் தெரிஞ்ச வித்தை கொடுத்தது. இந்தக் குறைப்பு முழுக்க இந்தியக் கணக்கிலேயே நிற்கிறது.

ஈடுகட்டுகிற சந்தை செத்துப் போச்சுன்னு நினைக்காதீங்க. பல்ப் போய் அடுப்பு வந்தது. ஆப்பிரிக்காவிலும் இந்தியாவிலும் கிராமத்து வீடுகளுக்குப் புகை குறைந்த விறகடுப்பு கொடுத்து, எரியாத விறகைக் கிரெடிட்டாக விற்பது இப்போது பெரிய வியாபாரம். 2024-ல் கலிஃபோர்னியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நேச்சர் சஸ்டெய்னபிலிட்டி இதழில் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். அவர்கள் எடுத்துப் பார்த்த அடுப்புத் திட்டங்கள், உண்மையில் குறைஞ்சதைப் போல சராசரியா 9 மடங்கு கிரெடிட் எழுதியிருந்தன. காரணம் ரொம்பச் சாதாரணம். புது அடுப்பு வந்ததும் பழைய அடுப்பை யாரும் தூக்கிப் போடுறதில்லை. காலையில் டீக்குப் புது அடுப்பு, சோறு வடிக்கப் பழைய அடுப்பு. நம்ம வீடுகளில் இண்டக்‌ஷன் வாங்கின பிறகும் சிலிண்டர் போடுகிறோமே, அதேதான். எரிபொருளை நேரடியா அளந்து கணக்கெழுதின திட்டங்கள் தான் உண்மைக்குக் கொஞ்சம் பக்கத்தில் நின்றன.

இப்போ உங்க வீட்டுக்கு இது எப்படிப் பொருந்தும்? ஒரே ஒரு உதாரணம் சொல்றேன். பழைய சீலிங் ஃபேன் 75 வாட். பிஎல்டிசி ஃபேன் 30 வாட் பக்கம். தினம் 12 மணி நேரம் ஓடினால் வருஷத்துக்கு சுமார் 200 யூனிட் மிச்சம். இன்றைய இந்திய மின்சாரத்தில் ஒரு யூனிட்டுக்கு 0.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு வாக்கில் வரும். ஆக ஒரு ஃபேனில் வருஷத்துக்கு 140 கிலோ. சென்னையிலிருந்து டில்லிக்கு எகானமியில் ஒரு தடவை பறந்தால் உங்க பங்குக்கு ஏறக்குறைய அவ்வளவுதான் வரும். ஒரு 14.2 கிலோ சிலிண்டர் எரிந்தால் 42 கிலோ. இந்த மூணு எண்ணையும் வச்சுக்கிட்டாலே, எது பெரிசு எது சின்னதுன்னு வீட்டில் யாரும் கால்குலேட்டர் இல்லாமல் பேச முடியும். ஃபேனுக்கு மீட்டர் சாட்சி, பில் சாட்சி, கணக்கும் நம்ம பேர்ல.

அதுக்கப்புறமும் ஈடுகட்டணும்னு தோணினால் கட்டுங்க, தப்பில்லை. கட்டும் முன்னாடி திட்டத்தோட பேரைத் தேடிப் பாருங்க. எந்த ஊர், யார் செய்றாங்க, அந்தக் காசு வராட்டியும் அது நடந்திருக்குமா, அளந்தது யார்? இந்த விவரங்கள் எதுவும் இல்லாமல் வெறும் இலை படம் மட்டும் போட்டிருந்தால், அந்தக் காசுக்கு உங்க அபார்ட்மென்ட் மாடிப்படியில் இருபத்துநாலு மணி நேரமும் எரிகிற பழைய ட்யூப்லைட்டை மாத்திடலாம்.

கடைசியா ஒரு தகவல். 2021 கிளாஸ்கோ மாநாட்டில் இந்தக் கணக்குத் தகராறுக்கு ஒரு விதி போட்டார்கள். ஒரு நாடு தன் குறைப்பை பாரிஸ் ஒப்பந்தத்தின் கீழ் இன்னொரு நாட்டுக்கு விற்றால், விற்ற டன்னைத் தன் கணக்கிலிருந்து கழிச்சுக்கணும். ரெண்டு பேரும் எழுதிக்கக் கூடாது. 2023-ல் இந்திய அரசும் தனக்குன்னு ஒரு கார்பன் கிரெடிட் வர்த்தகத் திட்டத்தை அறிவித்தது. அதுல எதை வெளிநாட்டுக்கு விற்பது, எதை நமக்கு வச்சுக்கறதுங்கிறதுதான் இனிமே நடக்கப்போற பேரம். மலிவாக் குறைக்கக் கூடியதை எல்லாம் இன்னைக்கே வித்துட்டா, நாளைக்கு நமக்கு மிஞ்சப்போறது செலவு ஜாஸ்தி ஆகிற குறைப்பு மட்டும்தான்.

அடுத்த எபிசோடில் நம்ம அடுப்போட கதை, விறகிலிருந்து இண்டக்‌ஷன் வரைக்கும். உங்க வீட்டுப் பரணில் இன்னும் ஒரு நூதன் ஸ்டவ் கிடந்தால், ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க.